கிழியாத சட்டை

மல்வேர்ன் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். இளையவர் ஓர் இசையரங்கில் உடுப்புத் தைப்பவர் என்று பேச்சில் தெரிந்தது.

"நான் தைச்ச சட்டையாலை நேற்றுப் பாட்டே நிண்டுபோச்சு, அன்ரி."

"என்ன பிள்ளை சொல்லுறீர்?"

"இங்கிலாந்துப் பாட்டுக்காரர் ஒருத்தர். பத்து வருசத்துக்கு மேலை ஊர் ஊராப் போய்ப் பாடுறார். கடைசிப் பாட்டிலை சட்டையைக் கழட்டிச் சனத்துக்கு எறிவாராம். சனம் கிழிச்சு ஆளுக்கொரு துண்டு கொண்டுபோகுமாம்."

"போட்டிருக்கிற சட்டையையோ?"

"ஓம். கிழியவேணும் எண்டு அவற்றை ஆக்களே தையலை லூசா விட்டிருக்கினம். எனக்கு ஆர் சொன்னது? தேய்க்கத் தந்த இடத்திலை, பாவம், பழஞ்சட்டை தையல் விட்டுப்போச்சாக்கும் எண்டு இரட்டைத் தையல் போட்டுக் குடுத்திட்டன்."

அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஏழெட்டுப் பேர் இழுத்தும் கிழியேல்லை. ஒருத்தரும் விடவுமில்லை. அவர் பாட்டை நிப்பாட்டிப்போட்டு திகைச்சுப்போய் நிண்டார். கடைசியிலை காவலுக்கு நிண்டவை பறிச்சு அவரிட்டையே குடுத்திட்டினம்."

"உம்மை ஏசினவரோ?"

"இல்லை. தையலைத் தடவித் தடவிப் பாத்தார். இத்தனை வருசத்திலை ஒரு சட்டையும் திரும்பி வந்ததில்லையாம். இண்டைக்கும் பாட்டிருக்கு. என்ரை தையலைப் பிரிச்சுக்கொண்டு வரச் சொல்லித் தந்துவிட்டிருக்கினம்."

பைக்குள்ளிருந்து ஒரு நீலச் சட்டையை எடுத்து மடியில் விரித்தார். அன்ரி அதன் தோள் மூட்டை இரண்டு கையாலும் பிடித்து, ஒருமுறை நன்றாக இழுத்துப் பார்த்தார். ஒரு நூலும் அசையவில்லை.

"இப்பிடித் தைச்சதைப் போய் ஆர் பிள்ளை பிரிக்கிறது?"