ஓட்டுக்கும் சந்தா

சாதனா: இல்ல கிரிதர், நாளைக்குக் கூட்டத்துல உன் பேரைச் சொல்லியே தீருவேன்.

கிரிதர்: வேண்டாம்க்கா... ப்ளீஸ்.

சாதனா: ஏன் வேண்டாம்? கவுன்சிலர் தேர்தல்ல சுயேச்சையா நிக்கிறவளுக்கு யாரு பணம் தருவா? ரசீதுப் புஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டுக் காளிகாட் பூரா அலைஞ்சேன். ஒரு வாரத்துல வெறும் நாலாயிரம்!

கிரிதர்: தெரியும்...

சாதனா: மனுவை வாபஸ் வாங்கிடலாம்னு அலிப்பூர் எலக்‌ஷன் ஆபீஸ் வாசல் வரைக்கும் போயிட்டேன்டா. அப்பதான் போன்ல வரிசையா மெசேஜ், பணம் வந்திருக்குன்னு. உன் பிளாக்ல ஒரு பக்கம் எழுதின... மூணே நாள்ல ஒன்றரை லட்சம்!

கிரிதர்: அது நான் எழுதினதுக்காக வந்தது இல்லக்கா.

சாதனா: பின்ன? அனுப்பினவங்க யாரு தெரியுமா? நம்ம தெருவுல குடியிருந்துட்டு டிரான்ஸ்ஃபர்ல போன தமிழ்க்காரங்க. துறைமுகத்துல வேலை பார்த்தவர் ஒருத்தர், இப்ப விசாகப்பட்டினம். 'இடுப்பளவு தண்ணியில பொண்ணைத் தோள்ல தூக்கிட்டு ஸ்கூலுக்குப் போனேன். அந்தச் சாக்கடையை மட்டும் சரி பண்ணிடுங்கம்மா'ன்னு எழுதி அஞ்சாயிரம் அனுப்பியிருக்கார். அவங்களுக்கு இங்க ஓட்டுக்கூடக் கிடையாதுடா...

கிரிதர்: அக்கா... நீங்க அந்தப் பதிவை முழுசாப் படிச்சீங்களா?

சாதனா: டீ ஆறுது, குடி.

கிரிதர்: படிக்கல, இல்ல?

சாதனா: என்ன எழுதியிருந்த... நீயே சொல்லேன்.

கிரிதர்: கிண்டல்க்கா.

சாதனா: கிண்டலா?

கிரிதர்: 'பூஜைக்குத்தான் சந்தா கேட்டு வருவாங்க. இப்ப ஓட்டுக்கும் சந்தா கேட்டு ஒரு மாமி கிளம்பிட்டாங்க. பத்து ரூபாய்க்கு ரசீது கிழிக்கிறாங்க'ன்னு... நீங்க பெல் அடிச்சப்ப கதவைத் திறக்காம உள்ள உக்காந்து எழுதினேன். மன்னிச்சிடுங்க.

சாதனா: அப்புறம் பணம் எப்படிடா வந்துச்சு?

கிரிதர்: முதல் கமெண்ட்டால. பாப்பான்னு ஒருத்தங்க... 'பத்து ரூபாய்க்கும் ரசீது தர்ற வேட்பாளரா! எந்த அக்கவுண்டுக்கு அனுப்பணும்?'னு கேட்டாங்க. எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்தது. நீங்க கதவிடுக்குல சொருகிட்டுப் போன சீட்டுல இருந்த நம்பரைப் போட்டேன். அவ்வளவுதான்... ஆளாளுக்கு அனுப்ப ஆரம்பிச்சுட்டாங்க. நன்றி சொல்லணும்னா அந்தப் பாப்பாவுக்குச் சொல்லுங்கக்கா.

சாதனா: அவளுக்கு எதுக்குடா?

கிரிதர்: என்னக்கா இப்படிச் சொல்றீங்க? அவங்க இல்லேன்னா...

சாதனா: வீட்டுல என்னைக் கூப்பிடற பேரு பாப்பாடா. உன் பதிவை ரெண்டு தடவை படிச்சு, அழுது தீர்த்துட்டு, நான்தான் அந்தக் கமெண்ட்டைப் போட்டேன். நீ அதை அழிச்சிருக்கலாம்... அழிக்காம நம்பரையும் போட்ட பாரு, அதுக்குத்தான் நன்றி சொல்ல வந்தேன்.