முதுகில் கட்டிய சமோவார்

விருந்தாளி வரும்போது வீட்டில் எல்லோரையும் பேச விட முடியாது. விசாரணை அதிகாரியான உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

அன்று மாஸ்கோவிலிருந்து ஒரு தளபதி, ஒரு துணை மந்திரி, அவர்களுடைய கம்பளித் தொப்பிகளைச் சுமக்க ஒரு கூட்டம். விண்கலத்தை விட்டு இதுவரை எவனும் வெளியே இறங்கியதில்லை. முதலில் இறங்கப்போகிறவன் முதுகில் கட்டிக்கொள்ளும் என் காற்றுப்பெட்டியைப் பார்க்க வந்திருந்தார்கள். அதில் எது காற்றுக்குழாய், எது தோள்வார் என்று அவர்களுக்குப் புரியவைக்க ஓர் ஆயுள் போதாது. மீன்முட்டை தடவிய ரொட்டி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்லாமலே கண்டுபிடித்தார்கள்.

பெட்டியைக் கட்டிக்கொண்டு, காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிட அறைக்குள் சோதனைக்கு நிற்பவன் ரோதியோன். நல்ல உடம்பு, அதற்கு மேல் அவனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. என் வாழ்நாள் உழைப்பை, டீக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் பாத்திரம்போல, சமோவார் என்பான். "விக்கென்தி பாவ்லொவிச், உங்க சமோவார்ல தண்ணி கொதிக்குதா, இல்ல என் முதுகுதான் வேகுதா?" என்று ஒலிபெருக்கியில் கேட்பான். தளபதி முன்னால் இது தேவையா? ஆகவே அவன் குரலை என் காதுக்கருவிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கிக்கு முந்தின வாரச் சோதனையில் பதிந்த ஒலிநாடாவைக் கொடுத்தேன். அதில் பேசுவதும் அவனேதான்.

துணை மந்திரி மனிதகுலத்திலிருந்து உரையைத் தொடங்கினார். மனிதகுலம் முடிவதற்குள் என் காதில் ரோதியோன் சொன்னான்: "காத்து வரல, விக்கென்தி பாவ்லொவிச். சமோவார் அணைஞ்சுபோச்சு. தொறங்க."

வேடிக்கை செய்கிறான் என்று நான் நினைத்ததாக எழுதிக்கொள்ள விரும்புகிறீர்கள். வேண்டாம். வேடிக்கை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கருவியில் ரோதியோனின் நாடியைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் தாய்சியா ல்வோவ்னா என் கையைப் பிடித்தார். "அவன் நாடி எகிறுது. நிறுத்துங்க."

"பெரிய மனுஷங்களப் பாத்த படபடப்பு. கேளுங்க, அவனே சொல்றான்."

"உடம்பு பிரமாதமா இருக்கு," என்றது ஒலிபெருக்கி. டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். படித்தவர் இல்லையா.

கண்ணாடிக்கு அப்பால் ரோதியோன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக வைத்தான். 'நிறுத்து' என்பதற்கு நான் வகுத்த சைகை.

"என்ன சொல்றான் நம்ம வீரன்?" என்றார் தளபதி.

"உங்களுக்கு வணக்கம் வைக்கிறான், தோழர் தளபதி."

தளபதி விறைப்பாக நின்று பதில் வணக்கம் வைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும். அறைக்குள் காற்றைத் திறந்துவிடும் சக்கரம் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. திருப்பியிருந்தால் ரோதியோன் உயிரோடு வெளியே வந்திருப்பான். வந்ததும் பேசியிருப்பான்.

என்னைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியில் கோளாறு என்று மட்டும் எழுதாதீர்கள். ஒலிநாடா உங்களிடமே இருக்கிறது; கடைசி வரை அவன் ஒரு குறையும் சொல்லவில்லை.