கூட்டைக் கலைக்காமல்

இந்த நாற்காலி பரவாயில்லை. மெத்தை வைத்ததில் உட்கார்ந்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். நேரான முதுகுள்ள மர நாற்காலி என்றால் எத்தனை மணி நேரமும் இருப்பேன். பறவைக் கூட்டைப் படமெடுக்க விரும்புகிறவர்கள் என்னிடம் லென்ஸைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் நாற்காலியைப் பற்றிச் சொல்வேன். அசையாமல் இருக்கத் தெரிந்தவன் பக்கத்தில் எந்தப் பறவையும் வரும்.

மூன்று நாளாக நீங்கள் என்னை அவசரப்படுத்தவில்லை, ஐயா. அதனால் இன்றைக்கு முழுதாகச் சொல்லிவிடலாம் என்று பார்க்கிறேன்.

என் தொழில் செயற்கைப் பல் கட்டுவது. பல் மருத்துவர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். நான் அதில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல் வரிசை அமைத்து, கம்பி வளைத்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவேன். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. "ஊர்ல உள்ள வாயெல்லாம் உங்களுக்கு அத்துப்படி, என் வாயில இருந்து என்ன வருதுன்னு மட்டும் காதுல ஏறாது" என்பாள் என் மனைவி. சரியாகத்தான் சொல்வாள். எனக்குப் பேச்சு அதிகம் கிடையாது. கைதான் வேலை செய்யும்.

என் வேலைக்கூடம் இருக்கிற கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான், நீங்கள் கேட்கிற அவருடைய மருந்துக்கடை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள், கழன்றுபோன கட்டுப்பல்லைச் சரிசெய்ய மேலே வந்தார். நான் ஜன்னலில் நின்று, ஏசிப் பெட்டிமேல் கூடு கட்டிக்கொண்டிருந்த புறாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்றதுகூடத் தெரியவில்லை.

"புறாவுக்கே இப்படி வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறீங்களே. ஞாயித்துக்கிழமை வாங்க, நான் காட்டறேன் பறவைன்னா என்னன்னு" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர் பறவை பார்ப்போர் சங்கத்தின் செயலாளர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் அண்ணே என்பேன். அவர் எனக்குப் பல்செட்டு என்று பெயர் வைத்துவிட்டார். சங்கம் முழுக்க அந்தப் பெயரே நின்றுவிட்டது. அவரிடம் கேமரா கிடையாது. ஒரு பழைய இருகண் நோக்கியும், கடையில் மருந்துக் கம்பெனிக்காரர்கள் கொடுக்கும் குறிப்பேடும்தான். எந்த மரத்தில் எந்தத் தேதியில் எது முட்டையிட்டது என்று அதில் பொடிப்பொடியாக எழுதி வைத்திருப்பார்.

பறவைக்கு எண்ணத் தெரியாது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மறைப்புக் கூடாரத்துக்குள் ஒருவன் மட்டும் போனால் அது பார்த்துக்கொண்டே இருக்கும், கூட்டுக்கு வராது. இரண்டு பேர் போய், ஒருவர் சத்தம் காட்டிக்கொண்டு வெளியே நடந்தால், ஆபத்து போய்விட்டது என்று நினைத்து வந்துவிடும். பல வருடம் எனக்காக நடந்து போனவர் அவர். வேண்டுமென்றே இருமிக்கொண்டு, சருகை மிதித்துக்கொண்டு போவார். அந்த நாட்களில் நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஓர் ஈப்பிடிப்பான் கூடு. கிண்ணம் மாதிரிச் சின்னது. உள்ளே நான்கு குஞ்சுகள். இலைகள் மறைத்தன. கம்பி வெட்டுகிற கத்தரிக்கோல் எப்போதும் என் பையில் இருக்கும், அதனால் கொஞ்சம் வெட்டினேன். வெளிச்சம் அழகாக விழுந்தது. ஆனால் நான்கு தலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டிருந்தன. பல் வரிசை அமைக்கிறவனுக்கு நெருக்கம் கண்ணை உறுத்தும். ஒன்றை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். திருப்பி வைப்பதாகத்தான் எண்ணம். மதியம்வரை அது சூடாகத்தான் இருந்தது.

மற்ற மூன்றும் மறுநாள் வெயிலில் போய்விட்டன. நான் அப்போது வேலையில் இருந்தேன். பார்க்கப் போனவர் அவர்தான். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மேலே வந்து, என் மேஜைமேல் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தார். வெட்டிய இலைகள். காம்பு நேராக, சுத்தமாக வெட்டுப்பட்டிருந்தது.

"இது காத்துல ஒடிஞ்சதில்ல பல்செட்டு."

"ஆமாண்ணே."

"நம்ம வீட்டுப் பிரசவ அறைச் சுவத்தை இடிச்சு ஒருத்தன் கேமராவை நீட்டினா விடுவோமா?"

அடுத்த கூட்டத்தில் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். கூட்டில் எடுத்த படத்தைப் போட்டிக்கு அனுப்பக் கூடாது, சங்கத்தின் ஆண்டு மலரில் போடக் கூடாது, சுவரில் மாட்டக் கூடாது. என் பெயரை அவர் சொல்லவே இல்லை. பதினாறு பேர் கை தூக்கினோம். நானும் தூக்கினேன். நியாயமான தீர்மானம் என்றுதான் எனக்கும் பட்டது, இப்போதும் படுகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பறந்துகொண்டிருக்கும் பறவையை, கிளையில் சும்மா உட்கார்ந்திருக்கும் பறவையை எடுத்து எடுத்து எனக்கு ஒன்றுமே தோன்றாமல் போயிற்று. பார்த்தேன், அழுத்தினேன், வீட்டுக்கு வந்தேன். அவ்வளவுதான். கூட்டின் எதிரே இருக்கும்போது மட்டும் உள்ளே ஏதோ ஒன்று அசையும். மனைவியோடு இருக்கும்போதும் மகள் பிறந்தபோதும் வராத அசைவு. அது இல்லாமல் இரண்டு வருடம் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

பழைய பம்ப் ஹவுஸை உங்கள் ஆட்கள் பார்த்துவிட்டார்கள். இரண்டு மாடி உயரம். மொட்டை மாடியை ஒட்டி ஓர் அத்திமரம். அதன் கிளைக் கவையில் மாங்குயில் கூடு, தூளி கட்டியது போலத் தொங்கியது. மாடிச் சுவரோரம் கூடாரம் போட்டு உட்கார்ந்தால் கூடு கண்ணுக்கு நேரே இருக்கும். இந்த முறை நான் எதையும் வெட்டவில்லை. திருந்தியிருந்தேன். கூட்டுக்கு நிழல் கொடுத்த கிளையை, பல் கொக்கி செய்கிற கம்பியால் பின்னுக்கு இழுத்துக் கட்டினேன். காலையில் கட்டுவேன், போகும்போது அவிழ்ப்பேன். குஞ்சுகள் மூன்று. மூன்றையும் அப்படியே விட்டேன். ஏழு நாள் போனேன். எட்டாம் நாள் அவர் வந்தார்.

என் மனைவிதான் சொல்லியிருக்கிறாள். அவள்மேல் தப்பில்லை. அவர் வீட்டுக்கு வந்து கேட்டிருக்கிறார். "வீட்டுல எங்க தங்குறாரு அண்ணே, பம்ப் ஹவுஸே கதின்னு கெடக்குறாரு" என்று வழக்கம்போல் குறைபட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவர் ஏணி ஏறி வந்தபோது ஏழே முக்கால் இருக்கும். இரும்பு ஏணி. அவருக்கு உயரம் என்றால் ஆகாது. மேலே வந்ததும் ஏணியின் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். முகமெல்லாம் வேர்வை.

"பல்செட்டு, வெளிய வா."

"பத்து நிமிஷம் அண்ணே. வெளிச்சம் போயிடும்."

"குஞ்சு வாயைப் பொளந்துக்கிட்டு கெடக்குது பாரு. பசியில இல்லடா. சூட்டுல."

பார்த்தேன். அவர் சொன்னது சரி. மூன்றும் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. படத்துக்கு அது பசி போலத்தான் தெரியும்.

அவர் திட்டவில்லை. சங்கத்தில் சொல்லுவேன் என்றும் மிரட்டவில்லை. "கம்பியை எங்க கட்டியிருக்க?" என்று மட்டும் கேட்டார். வெளியே வந்து காட்டினேன். கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்தான். அதைத் தாண்டி நன்றாகச் சாய்ந்தால்தான் முடிச்சு எட்டும். நான் எட்டிவிடுவேன், என் கை நீளம். அவருக்கு எளிதில் எட்டாது. ஆனாலும் அவர் என்னை அவிழ்க்கச் சொல்லவில்லை. என் கையை மறுபடியும் அந்தக் கூட்டுப் பக்கம் விட அவருக்கு மனமில்லை என்று நினைக்கிறேன்.

"பெல்ட்டைப் பிடிச்சுக்கோ. விட்டுறாத, எனக்குத் தலை சுத்தும்" என்றார்.

இடது கையால் பிடித்துக்கொண்டேன். வலது கையில் கேமராவின் ரிமோட் இருந்தது. அவர் சாய்ந்து முடிச்சைத் தொட்டபோது, பழக்கதோஷம், ஒருமுறை அழுத்தினேன். ஏழு ஐம்பத்திரண்டு. அந்தப் படம்தான் இப்போது உங்கள் மேஜையில் இருக்கிறது.

அதே நேரத்தில் ஆண் பறவை வந்தது. கூட்டுக்கு வரவில்லை. மேல்கிளையில் உட்கார்ந்தது, வாயில் ஒரு பச்சைப்புழு. மஞ்சள் உடம்பில் சாய்வாக வெயில் விழுந்தது. எட்டு நாளில் அப்படி ஒரு வெளிச்சம் வரவில்லை. அவர் அங்கே சாய்ந்திருக்கும்வரை அது இறங்காது. அவர் முடிச்சை அவிழ்த்துவிட்டால் கிளை திரும்பி வந்து கூட்டை மறைத்துவிடும். நான் இதையெல்லாம் யோசித்தேன் என்று சொன்னால் பொய். எனக்குத் தெரிந்தது. அவ்வளவுதான்.

கையை விட்டேன்.

தள்ளவில்லை. நீங்கள் எழுதிக்கொள்ளும்போது இந்த வித்தியாசத்தை எழுதிக்கொள்ளுங்கள். பிடித்திருந்தேன், பிறகு பிடித்திருக்கவில்லை. அவர் சத்தம் போடவில்லை. கீழே வால்வுத் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் விழுந்த சத்தம் மட்டும் கேட்டது. பறவை எழும்பி, பக்கத்து மரத்துக்குப் போய், திரும்பி அதே கிளைக்கு வந்தது. நான் மெதுவாகப் பின்னால் நகர்ந்து கூடாரத்துக்குள் உட்கார்ந்தேன். இரண்டு பேரில் ஒருவர் போய்விட்டார் அல்லவா. ஆறு நிமிடத்தில் கூட்டுக்கு வந்தது.

எட்டு முப்பத்தேழுவரை எடுத்தேன். அதற்குள் எழுந்திருந்தால் கூடாரம் அசைந்து, பறவை வெருண்டு, உணவு ஊட்டுவது நின்றுபோயிருக்கும். கூட்டின் அருகே திடீரென்று எழுந்து நடக்கக் கூடாது என்பது சங்கத்தின் விதி. எழுதியவரே அவர்தான். பிறகு வெயில் வெளுத்துவிட்டது. கம்பியை அவிழ்த்தேன். லென்ஸுக்கு மூடி போட்டேன். கூடாரத்தை மடித்தேன். அதன் பிறகு இறங்கினேன். அப்போது அவரிடம் மூச்சு இல்லை. கையில் சூடு இன்னும் ஆறவில்லை.

ஏணியில் ஏறும்போது வழுக்கி விழுந்துவிட்டார், நான் கூடாரத்துக்குள் இருந்ததால் எதுவும் கேட்கவில்லை என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். "அரை மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா பார்த்திருக்கலாம்" என்று மருத்துவர் சொன்னபோது என் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் அண்ணி, அதாவது அவருடைய மனைவி, என் வேலைக்கூடத்துக்கு வந்தார். மாவுத் தூசி படிந்த ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"கடைசியா அவர் எதைப் பார்க்க வந்தாரோ, அந்தப் பறவைப் படம் இருந்தா குடுங்க தம்பி. வீட்டுல வச்சிக்கறேன்."

அன்றைக்கு எடுத்தது எல்லாவற்றையும் பிரதி எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒன்றை நீக்கியிருக்கலாமே என்று நீங்கள் முதல் நாளே கேட்டீர்கள். அது நல்ல படம், ஐயா. குஞ்சுகள் மூன்றும் ஊசி முனை போலத் தெளிவாக இருக்கும். கை மட்டும் முன்னால் மங்கலாக. நீக்க மனம் வரவில்லை. மங்கல்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றும் இருந்தேன். ஆனால் கடையில் கூட நின்று, இருபது வருடம் மாத்திரை அட்டையின் பொடி எழுத்தைப் படித்த கண் அண்ணியுடையது. கடை ஷட்டரில் நசுங்கிக் கறுத்துப்போன அண்ணனின் கட்டைவிரல் நகம் அவருக்குத் தெரியாதா. ஏணியில் விழுந்தவரின் கை எப்படிக் கூட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். படத்தை எடுத்துக்கொண்டு நேரே உங்களிடம் வந்துவிட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குஞ்சுகளைப் பற்றியும் கேட்டீர்கள். உங்கள் கான்ஸ்டபிள் ஏறிப் பார்த்தபோது மூன்றும் காய்ந்து கிடந்தன என்று சொன்னீர்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. அன்றைக்கு எத்தனை பேர் வந்தார்கள், ஆம்புலன்ஸ், ஜீப், மாடி முழுக்க ஆட்கள். அத்தனை சத்தத்தில் எந்தத் தாய் திரும்பி வரும். நான் இருந்தவரை அவை நன்றாகச் சாப்பிட்டன. படங்களில் பாருங்கள்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. நேற்று நீங்கள் கேட்டபோது நான் பதில் சொல்லவில்லை. அண்ணியும் இதைத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறாராம், விழுந்த பிறகு அவர் கூப்பிட்டாரா என்று.

கூப்பிட்டார். இரண்டு முறை. பல்செட்டு என்றுகூட இல்லை, என் பெயரைச் சொல்லி. ரொம்ப மெதுவாகத்தான் கூப்பிட்டார். மேலே பறவை கூட்டில் இருந்தது அவருக்கும் தெரிந்திருக்கும். அது பயந்துவிடக் கூடாதே என்று பார்த்திருக்கிறார். அவர் அப்படிப்பட்ட மனிதர்.