கடைசி தேதிக்குள்

அன்று காலை அவள் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அது புதிதில்லை. எங்கள் வீட்டுக்குக் கீழே வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறை. வீட்டை மாற்றாவிட்டால் என் மனைவியின் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். வாடகை குறைவு, ஆபீசுக்கு நடந்தே போகலாம். நான் மறுத்துவிட்டேன். அவளும் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இருவருக்கும் ஒரே கம்பெனி. அவள் பேக்கிங்கில், நான் சம்பளப் பிரிவில். வருடம் முடிந்ததும் அவரவர் வாங்கிய சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றிதழைக் கொடுப்பது என் வேலை. சட்டத்தில் அதற்கு ஒரு கடைசி தேதி உண்டு. நான் அதுவரை இழுத்தடிக்கிறவன் இல்லை. கேட்டவர்களுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுவேன். பொத்தான் தைத்த அந்தக் காலைக்குச் சில வாரம் முன்பு அவளும் கேட்டாள்.

“ஏங்க, என்னோடத மட்டும் சீக்கிரம் எடுத்துக் குடுங்களேன்.”

“எதுக்கு?”

“சும்மாதான். கையில இருக்கட்டுமேன்னு.”

மறுநாள் ஒரு வீட்டுக்கார அம்மாள் ஆபீசுக்குப் போன் செய்தார். “அந்தப் பொண்ணு உங்க கம்பெனிதானே? நல்லா காத்து வர்ற ரூமு, ஒரு ஆளுக்குத்தான். சம்பளச் சான்றிதழ் குடுத்தா சாவி தரேன்னு சொல்லியிருக்கேன்.”

ஒரு ஆளுக்கு. நான் யாரென்று சொல்லாமல் போனை வைத்தேன். என்னை விட்டுப் போவதற்கான காகிதத்தை என் கையாலேயே வாங்கப் பார்த்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. கொஞ்ச நாள் போனால் மனசு மாறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

“சொந்தப் பொண்டாட்டியவே காக்க வெக்கிறீங்களே சார், வீட்டுல சோறு கிடைக்குதா?” என்று, அவள் மறுபடி என் கவுன்டருக்கு வந்தபோது, கம்பெனி ஸ்டோர்காரர் கிண்டலடித்தார். அவளும் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இன்னும் ஆகலையாங்க?”

“கடைசி தேதிக்கு இன்னும் நாள் இருக்கே.”

பொத்தான் தைத்துக் கொடுத்த அன்று அவள் லீவு. கீழே ஒரு பஸ்ஸுக்குப் பெயின்ட் அடித்தார்கள். சாயங்காலம் நான் வந்தபோது ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி திணித்திருந்தது. அதன் கீழே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

அவளுடைய சான்றிதழ் எப்போது தயாரானது என்று நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், ஐயா. அந்த வருடம் நான் முதலில் தயாரித்தது அவளுடையதைத்தான். அவள் கேட்ட ஒவ்வொரு முறையும் அது என் மேஜை டிராயரில்தான் இருந்தது.

காரியமெல்லாம் முடிந்து ஆபீசுக்குப் போனேன். இறந்தவருடையதை வாரிசிடம் கொடுக்கலாம். கொடுத்தவர், பெற்றவர் என்று இரண்டு இடத்திலும் நானே கையெழுத்துப் போட்டேன். எங்கள் கம்பெனியில் அந்த வருடமும் யாருக்கும் தாமதமாகவில்லை.