விழுந்து கொடுத்தவர்கள்

அலோ... அலோ, மாஸ்டரா?... நான்தான்... ஆமா, உங்க சாம்பியன் பொண்டாட்டிதான். மருந்துக்கடையில இருந்து பேசுறேன்... நல்லா இருக்கேன், அதெல்லாம் அப்புறம். அவரு எங்க?... ஓடப் போயிருக்காரா? நல்லது, ஓடட்டும். அவரு வர்றதுக்குள்ள உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்... என்ன இப்படி எதிரொலிக்குது, ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா?... ஓ, கிளவுஸ் மாட்ட யாருக்கோ கையில கட்டு சுத்திக்கிட்டு இருக்கீங்களா... சரி சரி, சுத்துங்க. யாரு காதுல விழுந்தாலும் எனக்கு ஒண்ணும் இல்ல.

நெட்டையோட பொண்டாட்டி இப்பதான் வந்துட்டுப் போறா... ஆமா, அதே நெட்டைதான், தினம் உங்க கூடத்துல இவரோட குத்துச்சண்டைப் பயிற்சி பண்றாரே, அவருதான். இடுப்பு வலிக்குத் தைலம் கேட்டா. பாவம், எங்க வீட்டுக்காரரு கைக்கு அளவு தெரியல, மனசுல வெச்சுக்காதம்மான்னு நான் மன்னிப்பு கேக்கிறேன். அவ சிரிக்கிறா, மாஸ்டர். அண்ணன் அடிச்சு இல்லக்கா, இவராத் தினமும் விழுந்து விழுந்து இடுப்பு போச்சுங்கிறா.

...

பேசுங்க. அவரு எதுக்குத் தானா விழணும்?

... மரியாதையா? எது மரியாதை?... ஒரு நிமிஷம் இருங்க... வாங்கய்யா, சீட்டைக் கொடுங்க. இது சாப்பாட்டுக்கு முன்னாடி, இது பின்னாடி. மாத்திடாதீங்க... ஆமாங்கய்யா, தூக்கம் வரும், வண்டி மட்டும் ஓட்டாதீங்க. நல்லதுங்க, பார்த்துப் போங்க... ம், சொல்லுங்க. மரியாதைன்னீங்க.

... யாரு, நெட்டை மட்டும்தானா?... எல்லாருமா?... எப்போ இருந்து?... ம்... ம்... அவரு பொறந்தநாள் அன்னைக்கு ஒருத்தரு விளையாட்டா விழுந்தாரு, இவரு மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம் வந்துச்சு, அதைப் பார்த்துட்டு மத்தவங்களும் ஆரம்பிச்சாங்க... ம்... நீங்களும் பார்த்துக்கிட்டு இருந்தீங்க... ம். கேக்கவே அசிங்கமா இருக்கு மாஸ்டர்.

இல்ல, நீங்க கேளுங்க. அவரு வீட்டுக்கு வந்து என்ன சொல்லுவாரு தெரியுமா? செருப்பைக் கழட்டும்போதே ஆரம்பிச்சிடுவாரு. இன்னைக்கும் நெட்டையைப் படுக்க வெச்சேன், கை இன்னும் செத்துப் போகலடின்னு. நானும் வாயெல்லாம் பல்லா நின்னு கேட்டுக்கிட்டு இருந்தேன். நாப்பத்தஞ்சு வயசுல ஒரு மனுஷன் வாலிபப் பசங்களைத் தினமும் சாய்க்கிறாருன்னா எப்படின்னு யோசிச்சிருக்கணும். யோசிக்கல. அந்தத் தைரியத்துலதான அவரு இந்த ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்குக் கையெழுத்துப் போட்டாரு?... இல்லையா?... பின்ன என்ன?

எதிர்ல நிக்கப்போறது உங்க நெட்டை இல்ல மாஸ்டர். எதிராளி மூக்கை உடைச்சே பேரு வாங்கினவன் அவன். அவன் இவருக்குப் பொறந்தநாள் கொண்டாட வரல.

... அனுபவம் இருக்கா? யாருக்கு, அவருக்கா? அவரு எப்படி இருக்காருன்னு நான் சொல்லட்டுமா? சட்டைப் பொத்தானை நான்தான் போட்டு விடுறேன். தண்ணியை டம்ளருக்கு வெளிய ஊத்துறாரு. போன வாரம் பக்கத்து வீட்டுக் கதவுல சாவியைப் போட்டுத் திருகிக்கிட்டு நின்னாரு, அந்த வீட்டுப் பொம்பளை கத்தி ஊரைக் கூட்டிட்டா. சாயங்காலம் ஆனா நாக்கு குழறுது. நாங்க வாடகைக்கு இருக்கிற வீட்டுக்காரம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, உன் புருஷன் எப்போ இருந்து குடிக்க ஆரம்பிச்சாருன்னு கேக்கிறாங்க. வாழ்நாள்ல ஒரு சொட்டு தொடாத மனுஷன் அவரு. நான் என்ன சொல்ல? ஆமாம்மா, குடிதான்னு சொல்லிட்டு வந்தேன். மண்டையில அடி வாங்கி வாங்கி இப்படி ஆயிட்டாருன்னு சொல்றதைவிட அது கௌரவமா இருக்குன்னு.

... எனக்கு ஆறுதல் சொல்லாதீங்க. உங்க ஆறுதலைக் கேட்டாலே அருவருப்பா இருக்கு.

நீங்க புயலுக்கும் இதைத்தான செஞ்சீங்க?... ஆமா, நம்ம புயலண்ணன்தான். வேற எந்தப் புயல்? உடம்பு போன அப்புறமும் மூணு நாலு மேட்ச் ஆட விட்டீங்க. கடைசி மேட்ச்சுல அவரு எந்தப் பக்கம் தன்னோட மூலைன்னு தெரியாம ரிங்குல சுத்தி வந்தாரு, நீங்கல்லாம் எழுந்து நின்னு கை தட்டினீங்க. நானும் இருந்தேன். இப்போ அவரை உங்க பயிற்சிக்கூடத்து வாசல்ல நாற்காலி போட்டு உக்கார வெச்சு, வர்றவங்கிட்ட எல்லாம் காட்டுறீங்க. எச்சில் வழியுது, ஒருத்தன் துடைக்கிறான், இன்னொருத்தன் கூட நின்னு போட்டோ எடுத்துக்கிறான். அதுவும் மரியாதைதானே?... ம்... அந்த நாற்காலிக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி போட இடம் பார்த்து வெச்சிருக்கீங்களா?

... அழாதீங்க மாஸ்டர். உங்க அழுகை எனக்கு வேண்டாம். ஒரு வேலை செய்யுங்க. அவரு ஓடிட்டு வந்ததும், எவனாவது ஒருத்தனை விட்டு...

...

இது மாஸ்டர் குரல் இல்லையே... என்னங்க?

... நீங்களா?... நீங்க எப்போ வந்தீங்க?... அங்கயேதான் இருந்தீங்களா? மாஸ்டரு கட்டு சுத்திக்கிட்டு இருந்தது உங்க கைக்கா?... சீ. இதுலயும் பொய்யா, மாஸ்டர்?

... சரி, கேட்டது கேட்டாச்சு. உங்களை அசிங்கப்படுத்தணும்னு நான் பேசலங்க. உங்க காதுல விழும்னு எனக்கு... என்னது?

... அவங்க வேணும்னே விழுறது உங்களுக்குத் தெரியுமா?

... மொத நாள்ல இருந்தேவா?... எப்படி?... ம்... ம்... நெசமா அடி வாங்கினவன் விழும்போது கையை ஊனமாட்டான், மூட்டை மாதிரி விழுவான். இவங்க எல்லாரும் கையை ஊனி, பார்த்துப் பார்த்து விழுறாங்க... ம். அப்படித்தான் நெட்டைக்கு இடுப்பு போச்சா?... நான் சிரிக்கல. நீங்களும் சிரிக்காதீங்க.

தெரிஞ்சுகிட்டேவா எங்கிட்ட வந்து அத்தனை கதை அளந்தீங்க?... நான் சந்தோஷப்பட்டேன்னா? அதுக்காகவா?... அப்போ எனக்கு நீங்க விழுந்து கொடுத்தீங்க. அப்படித்தானே?... ம். நல்ல குடும்பம்.

சரி, அப்போ எதுக்கு அந்த மேட்ச்சுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?... மெதுவாச் சொல்லுங்க, குழறுது... ம்... ம்... நோயாளியைக் கொஞ்சுற மாதிரி கொஞ்சுறாங்க, உடம்பெல்லாம் கூசுது... ம்... நெசமா அடிக்கிறவன் ஒருத்தன் எதிர்ல நின்னாப் போதும்னு தோணிச்சு.

...

எனக்கும் அதேதாங்க கூசுது. ஆனா அதுக்குன்னு மண்டையைக் கொண்டுபோய்க் கொடுப்பீங்களா?

... இருங்க, கத்தாதீங்க. நான் ஒண்ணு சொல்றேன். நெசமான அடிதானே வேணும்? இப்பவே, அங்கயே வாங்குங்க. தலையில வேண்டாம், வயித்துல. ஒரே ஒரு அடி. தாங்கி நின்னீங்கன்னா நான் அப்புறம் வாயே திறக்கல. விழுந்தீங்கன்னா அந்த மேட்ச்சை விட்டுட்டு வீட்டுக்கு வந்துடணும்... நெசமா?... என் மேல சத்தியமா?... சரி.

தம்பி நெட்டை, இருக்கீங்களா?... நான்தான், அக்கா பேசுறேன்... கோபம் இல்ல. இது வரைக்கும் செஞ்சது போகட்டும். இப்போ எனக்காக ஒண்ணு செய்யுங்க. அவரு உங்க மேல வருவாரு. நீங்க விழக்கூடாது. வயித்துல ஒண்ணு, முழுசா, உங்க பலம் எல்லாம் வெச்சு... பாவமா? அதை நீங்க பார்க்க வேண்டாம். ஞாயித்துக்கிழமை வாங்குற அடிக்கு இது மேல்... ம். அக்கா கேக்கிறேன்ல? நல்ல தம்பி.

போனைப் பக்கத்துல வைங்க மாஸ்டர், எனக்குக் கேக்கணும்.

... என்னம்மா, பஞ்சா? இருக்கு. கொஞ்சம் நில்லுங்கம்மா, தயவுசெஞ்சு... இல்ல, எடுத்துத் தர்றேன், ஒரு நிமிஷம் சத்தம் போடாம நில்லுங்க...

...

அலோ. என்ன சத்தம் அது?... மாஸ்டர்?... யாரு கீழ?... அவரா?... சொல்லுங்க, யாரு?

... நெட்டையா?

... இவரு கை பட்டுச்சா?... படவே இல்லையா?... ஓங்கினதுமே... ம். கையை ஊனித்தானே விழுந்தாரு?

த்தூ.

... மன்னிச்சுக்கோங்கம்மா, உங்களை இல்ல. இந்தாங்க பஞ்சு. காசை அங்க வெச்சுட்டுப் போங்க.

... வேண்டாம், நெட்டை அழுதுக்கிட்டு எங்கிட்ட பேச வேண்டாம். அந்தாளுக்கு அழத்தான் தெரியும். என் வீட்டுக்காரரு என்ன பண்றாரு?... தூக்கி விடுறாரா?... முதுகைத் தட்டிக் கொடுக்கிறாரா?... ம். பரவாயில்லடான்னு சொல்றாரா? சொல்லுவாரு.

... என்ன சொன்னாரு?... தான் விழல, அதனால ஞாயித்துக்கிழமை போறேங்கிறாரா?... ஆமா, நான்தான் அப்படிச் சொன்னேன். வாக்கை மாத்த மாட்டேன். போகட்டும்.

மாஸ்டர், ஸ்பீக்கரை அணைச்சிடாதீங்க. அவரும் கேக்கட்டும். அன்னைக்கு அவரு மூலையில யாரு நிக்கிறது? நீங்கதானே? துண்டு உங்க கையிலதானே இருக்கும்? இதுக்கு மேல தாங்க மாட்டாருன்னு தெரிஞ்சா அதை ரிங்குக்குள்ள வீசணும், சண்டை அத்தோட முடியும், தோத்துட்டாருன்னு அர்த்தம். சரிதானே?... நீங்க வீசுவீங்களா?

... யோசிச்சுச் சொல்லுங்க. அத்தனை கூட்டத்துக்கு முன்னாடி, அவரு உங்களைத் திரும்பிப் பார்த்து வேண்டாம்னு தலையாட்டும்போது, வீசுவீங்களா?

... மனசு வராது. ம். உண்மையைச் சொன்னீங்களே, அதுக்காவது நன்றி. நெட்டை வீசுவாரா?... அங்க நிக்கிறவங்கள்ல எவனாவது?... பாருங்க. அத்தனை பேருக்கும் அவரு மேல உயிர். தூ, என்ன உயிரு.

அந்தத் துண்டை எங்கிட்ட கொடுங்க.

... நெசமாத்தான் கேக்கிறேன்... ஏன், பொம்பளை மூலையில நிக்கக்கூடாதா? அப்படி ஒரு சட்டம் இருக்கா?... இல்லையில்ல? அப்போ உங்க இடத்துல நான் நிக்கிறேன்னு நடத்துறவங்கிட்ட சொல்லிடுங்க... ரத்தம் நான் பார்க்காததா? இருபது வருஷமா அவரு தலையணை உறையைத் துவைக்கிறவ நான்... எப்போ வீசுவேனா? அது என் இஷ்டம். தோத்துப் போயிட்டாருன்னு பேப்பர்ல வரும், வரட்டும். கூட்டம் என்னைக் கெட்ட வார்த்தையில திட்டும், திட்டட்டும். வீட்டுக்கு நடந்து வந்தாப் போதும்.

அவரைக் கேளுங்க, சம்மதமான்னு.

...

...

என்ன சொன்னாரு?

... தலையாட்டினாரா? எப்படி, ஆமான்னா, இல்லைன்னா?... வாயாலயும் சொன்னாரா?... என்னன்னு?... இன்னொரு தடவை சொல்லுங்க.

... "அவ ஒருத்தி வீசுவா." அப்படியேவா சொன்னாரு?

...

ஆமா. வீசுவேன். ஆரம்ப மணி அடிச்ச கையோட வீசுவேன்னு சொல்லுங்க... சிரிக்கிறாரா?... சிரிக்கட்டும். நான் சிரிப்புக்குச் சொல்லல மாஸ்டர். வைங்க போனை.