புளியங்கொட்டை பஸ்

இடஒதுக்கீடு கேட்டுச் சாலைகளை மறித்த போராட்டம் நடந்த சமயம். எலவனாசூர்கோட்டை தாண்டி, யாரோ சாலையில் வெட்டிப் போட்டிருந்த புளியமரத்தின் முன்னால் எங்கள் பஸ் காலையிலிருந்து நின்றது. முன் சீட்டில் மூன்று வயதுப் பெண் குழந்தை, அம்மா மடியில் புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்து விளையாடிக்கொண்டிருந்தது.

"இன்னா கண்ணு இது?" என்றாள் அம்மா.

"பஸ்ஸு."

"ஏன் நின்னுக்கினு இருக்குது?"

"மரம் கெடக்குது." ஒரு குச்சியைக் குறுக்கே வைத்தது.

பக்கத்திலிருந்த அப்பா கை நீட்டினார். "நான் எடுத்துடட்டா?"

குழந்தை கையைத் தட்டிவிட்டது. "நீ எடுக்காத. நீதான மரம் போடுவ. கண்டக்டருதான் எடுப்பாரு."

பின் சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வூட்ல வெளாடறதச் சொல்லுதுங்க," என்றாள் அம்மா, யாரும் கேட்காமலே.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெளியே மரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தவர்களோடு சேர இறங்கினார்.