இரினாவுக்கு அடிக்காத பெல்

இருங்க. கை தட்டாதீங்க. இந்தப் பள்ளிக்கூட விழாவுல நான் பேச வந்த ஒழுக்கம் பத்தின பேச்சு அப்படியே நிக்கட்டும்.

பத்து நிமிஷம் முன்னாடி இதே மைக்குல ஒன்பதாம் வகுப்புப் பொண்ணு சுயம்புகனி இங்கிலீஷ்ல வரவேற்புரை சொல்ல வந்துச்சு. ஒரு வாக்கியம் தப்பாப் போச்சு. நீங்க என்ன செஞ்சீங்க? சிரிச்சீங்க! முன் வரிசையில உக்காந்திருக்கிற பெரிய மனுஷங்கதான் முதல்ல சிரிச்சீங்க. பொண்ணு பாதியில விட்டுட்டு ஓடிருச்சு. அப்போ பிடிச்சு எனக்கு வயிறு எரியுது. ஒரு சின்னக் கதை இருக்கு... அதைச் சொல்லாம நான் மேலே பேச மாட்டேன்.

கடலோரத்துல ஓர் ஊர். பேர் வேண்டாம். ஒரு தொழிற்சாலை கட்டறதுக்கு ரஷ்யாவுலேருந்து இன்ஜினியருங்க குடும்பத்தோட வந்திருந்தாங்க. அதுல ஒருத்தர் சம்சாரம் இரினா. நாலு வயசுல ஒரு மக, நாத்யா. அந்த வீட்டுல சமைச்சுப் போட்டு, பிள்ளையையும் பாத்துக்கிட்டவ இசக்கியம்மா. இவளுக்கு ரஷ்ய மொழி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. நடுவுல இங்கிலீஷ்... அது ரெண்டு பேருக்குமே அரைகுறை! சரி, ஒழுங்காப் படிச்சுக்குவோம்னு ரெண்டு பேரும் ஒண்ணா ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல சேந்தாங்க.

வாத்தியார் பேர் ஞானதுரை. மேஜை மேல ஒரு பெல் வெச்சிருப்பார். யாராவது டென்ஸைத் தப்பாச் சொன்னா... டிங்! கிளாஸே சிரிக்கும்.

இரினா எந்திரிச்சா. "யெஸ்டர்டே ஐ கோ மார்க்கெட். ஐ மஸ்ட் டு பை ஃபிஷ்." வாத்தியார் கை பெல் பக்கம் போச்சா? போகலை! "வெரி குட் மேடம்! உங்க ரஷ்ய பாஷையில இத்தனை டென்ஸ் கிடையாது. மஸ்ட், கேன், ஷுட் எல்லாம் போகப் போகப் பழகிரும்." முப்பத்திரண்டு பல்லும் தெரியுது மனுஷனுக்கு.

அடுத்து இசக்கியம்மா. "யெஸ்டர்டே ஐ குக் ஃபிஷ்..." டிங்! பாவம், பயந்து போய், "ஐ கேன் குக்டு..." டிங்! டிங்! கிளாஸ் விழுந்து விழுந்து சிரிக்குது. ஒரே பெஞ்சு! ஒரே தப்பு! வெள்ளைத் தோலுக்கு ஒரு நியாயம், நம்ம பொம்பளைக்கு ஒரு நியாயமா? மூணாம் நாள்லேருந்து அவ கிளாஸ்ல வாயே திறக்கலை.

ஒருநாள் நாத்யா வீட்டுக்குப் பின்னால வேலியில கிடந்த குன்றிமணியைப் பறிச்சு விளையாடுச்சு. செக்கச்செவேல்னு, கறுப்பு மூக்கோட எவ்வளவு அழகா இருக்கும்! உள்ளே? விஷம். பிள்ளை வாயில போட்டுக் கடிச்சிருச்சு. இசக்கியம்மா ஓடிப்போய்த் துப்ப வெச்சா. துப்பிருச்சே, ஒண்ணும் ஆகாதுன்னு இருந்துட்டா.

மறுநாள் காலையில வாந்தி. நிக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடுறாங்க. டாக்டர் வடநாட்டுக்காரர், ஊருக்குப் புதுசு, தமிழ் வராது. தமிழை எடுத்துச் சொல்ற நர்ஸும் அன்னிக்கு லீவு. டாக்டர் இங்கிலீஷ்ல கேக்கிறார்... "பிள்ளை என்ன சாப்பிட்டுச்சு?" இரினா சொல்றா, "சூப். ஒன்லி சூப்."

பின்னால இசக்கியம்மா நிக்கிறா. அவளுக்குத் தெரியும்! அந்த ரூம்ல அவ ஒருத்திக்குத்தான் தெரியும்! வாயைத் திறக்கிறா... 'ஈட்'டா... 'ஏட்'டா... 'ஹேஸ் ஈட்டன்'னா... குன்றிமணிக்கு இங்கிலீஷ்ல என்ன... மண்டைக்குள்ள... டிங்.

வாயை மூடிக்கிட்டா.

டாக்டர் வாந்திக்கு மருந்து குடுத்து அனுப்பிட்டார். சாயந்தரம் பிள்ளை வாடின கீரைத்தண்டு மாதிரி துவண்டு போச்சு. மறுபடியும் ஆஸ்பத்திரி. இசக்கியம்மா இந்தத் தடவை வேலிக்கு ஓடினா. ஒரு கை குன்றிமணியை உருவிக்கிட்டு வந்து டாக்டர் மேஜையில கொட்டினா. "டாக்டர்! பேபி ஈட் திஸ்! யெஸ்டர்டே ஈட்! ஐ ஸீ! ஐ நோ டெல்!"

எத்தனை தப்புன்னு எண்ணினீங்களா? டாக்டர் எண்ணலை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரியில பன்னிரண்டு நாள் போராடிப் பிள்ளையைக் காப்பாத்தினாங்க.

அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல இரினா அவ தோளைப் பிடிச்சு உலுக்குறா. "மார்னிங் ஒய் யூ நோ டெல்? ஒய்?" இசக்கியம்மா அழுதுக்கிட்டே ஒரே ஒரு வார்த்தை சொன்னா.

"பெல்."

இரினாவுக்கு விளங்கிருச்சு. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் நேரா கிளாஸுக்குப் போனா. "மை டாட்டர் நாட் டை. பிகாஸ் இசக்கி ஸ்பீக்." வாத்தியார் வழக்கம் போல, "வெரி குட் மேடம்!" அவ்வளவுதான்... பெல்லைத் தூக்கி அவர் கையில திணிச்சா. "ரிங்! ஐ மிஸ்டேக்! ஃபார் இசக்கி ரிங், மீ ஒய் நோ ரிங்? ரிங்!" மனுஷன் பெல்லை அடிக்கலை. அன்னிக்கு ஒருத்தரும் சிரிக்கலை.

ஐயாமாரே, அம்மாமாரே... இந்த மண்டபத்துல பெல் எங்கே இருக்கு? மேஜையிலயா? இல்லை. உங்க தொண்டையில! வெளிநாட்டுக்காரர் வந்து 'வனாகம்'னு சொன்னா பூரிச்சுப் போய்க் கை தட்டுறீங்க. நம்ம பிள்ளை இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை தவறினா இளிக்கிறீங்க. வெக்கமா இல்லை? தப்பைத் திருத்த வேண்டாம்னு நான் சொல்லலை. திருத்துங்க. பக்கத்துல உக்கார வெச்சுத் திருத்துங்க. வாயை அடைச்சுட்டு என்னத்தைத் திருத்தப் போறீங்க? நாளைக்கு பஸ்ஸுல எவனோ தொல்லை குடுத்ததை இந்தப் பொண்ணு வந்து சொல்லணும். சொல்லுமா? நாலு பேர் முன்னால வாயைத் திறந்தா என்ன கிடைக்கும்னு நீங்க இன்னிக்குக் காட்டிட்டீங்களே!

சுயம்புகனி எங்கே? அந்தத் தூணுக்குப் பின்னால நிக்குதே... நீதானேம்மா? வா. மைக் உன்னுது. விட்ட இடத்துலேருந்து சொல்லு, தப்பாவே சொல்லு. முன் வரிசையில யாராவது எந்திரிச்சு எனக்கு ஒரு நாற்காலி விடுங்க. நான் மேடையிலேருந்து இறங்கி உக்காந்து கேக்கப் போறேன்.